ராத்திரி சாப்பிடாத சர்க்கரை காலையில் எங்கிருந்து வந்தது? அறிகுறியைப் பார்த்துப் பழுதைப் பிடிக்கும் வழி

காலை ஆறரைக்கு அப்பா சுகர் மீட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். "ராத்திரி ரெண்டு தோசையோட சரி. படுக்கும்போது 128. இப்போ 151. நடுராத்திரியில எழுந்து திருட்டுத்தனமா ஏதாவது தின்னேனா? எங்கேருந்து வந்துச்சு இது?"

நான் டாக்டர் இல்லை. பள்ளியில் உயிரியல் நடத்துகிறவன். மருந்தின் அளவைக் கூட்டவோ குறைக்கவோ நான் சொல்ல மாட்டேன், இதைப் படித்துவிட்டு நீங்களும் செய்ய வேண்டாம். ஆனால் அப்பா கேட்டாரே, 'எங்கேருந்து வந்துச்சு' என்று, அதுதான் கேட்க வேண்டிய கேள்வி. எண்ணைப் பார்த்துப் பதறுவதைவிட, அந்தச் சர்க்கரை எந்த இருப்பிலிருந்து வந்தது, எங்கே போயிருக்க வேண்டியது எங்கே தேங்கிவிட்டது என்று பார்த்தால் பாதிப் பழுது பிடிபட்டுவிடும்.

முதலில் சரக்கு எங்கெங்கே இருக்கிறது

ரத்தத்தில் இருப்பது சுருக்குப்பைக் காசு. பெரியவர் ஒருவர் உடம்பில் ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தம். ஒரு டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராம் என்று கணக்குப் போட்டால் மொத்தம் 5 கிராம் குளுக்கோஸ். ஒரு டீஸ்பூன், அவ்வளவுதான். மூளை மட்டுமே ஒரு மணி நேரத்தில் இந்த அளவைச் சாப்பிட்டுவிடும். ஒரு தட்டு சோறு, 300 கிராம் என்று வையுங்கள், அதில் 80 கிராமுக்கு மேல் மாவுச்சத்து. ஒரு டீஸ்பூன் இருக்க வேண்டிய இடத்துக்கு 16 டீஸ்பூன் வந்து இறங்குகிறது. வந்ததை உடனுக்குடன் வேறு இடத்துக்கு மாற்றிக்கொண்டே இருந்தால்தான் சமாளிக்க முடியும்.

கல்லீரல் வீட்டுப் பொதுக் குதிர். குளுக்கோஸைச் சங்கிலி சங்கிலியாகக் கோத்து, கிளைக்கோஜன் என்ற பெயரில் சுமார் 100 கிராம் வரை அடுக்கி வைக்கும். ரத்தத்தில் சர்க்கரை இறங்கினால் கணையம் குளூக்ககான் என்ற ஹார்மோனை அனுப்பும், குதிர் திறக்கும், எல்லாருக்கும் பங்கு கிடைக்கும்.

தசைகளில் இருப்பு அதைவிடப் பெரிது, 400 கிராம் அளவில். ஆனால் அது அவரவர் பெட்டி. கிளைக்கோஜனை உடைத்தால் வருவது பாஸ்பேட் ஒட்டிய குளுக்கோஸ். அந்த ஒட்டை நீக்கும் நொதி கல்லீரலில் உண்டு, தசையில் கிடையாது. ஒட்டு நீங்காத குளுக்கோஸால் செல்லை விட்டு வெளியே வர முடியாது. தொடையில் 200 கிராம் இருந்தாலும் மூளைக்கு அதில் ஒரு கிராம்கூட நேராகக் கடன் தராது. சுற்று வழி ஒன்று உண்டு: தசை அதை லாக்டேட்டாக மாற்றி வெளியே விடும், கல்லீரல் அதை வாங்கி மறுபடி குளுக்கோஸாக்கும். இந்தச் சுழற்சி கோரி தம்பதியின் பெயரில் இருக்கிறது. கிளைக்கோஜன் ஆய்வுக்காக 1947இல் இருவருக்கும் நோபல் கிடைத்தது. மருத்துவ நோபல் வாங்கிய முதல் பெண் கெர்ட்டி கோரி.

கடைசியாகப் பரண்: கொழுப்பு. வருடக்கணக்கில் ஏற்றி வைக்கலாம், இறக்க நேரமாகும்.

இனி அறிகுறிக்கு வருவோம்.

எண் நம்பும்படியாக இல்லை

எந்தப் பழுதையும் தேடும் முன் இதைப் பாருங்கள். போன வைகாசியில் ஒருநாள் அப்பாவுக்கு மாலை ஐந்து மணிக்கு 262. வீடே கலங்கிப்போனது. அம்மா மட்டும் அவர் கையைப் பார்த்துவிட்டு, "மாம்பழம் நறுக்கிக் கொடுத்தது யாரு?" என்றார். அப்பாதான். சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, வேறு விரலில் குத்தியபோது 134. மீட்டருக்கு வேண்டியது ஊசிமுனை அளவு ரத்தம். அதில் பழச்சாறு துளி கலந்தாலும் மீட்டர் அதையும் சேர்த்துத்தான் எண்ணும். ஸ்பிரிட் பஞ்சால் ஒரு தேய் தேய்ப்பது போதாது, தண்ணீரும் சோப்பும் வேண்டும்.

கை சுத்தம்தான், ஆனால் லேப் சொன்னதும் மீட்டர் சொன்னதும் ஒத்துப்போகவில்லை என்றால்? இப்போது நடப்பில் இருக்கும் சர்வதேசத் தரமே, எண் 100க்கு மேல் இருக்கும்போது 15 சதவீதம் வரை விலகலை அனுமதிக்கிறது. லேப் 140 சொல்லும் ரத்தத்துக்கு மீட்டர் 120 காட்டினாலும் 160 காட்டினாலும் அது நல்ல மீட்டர்தான். ஆகவே "நேற்று 118, இன்று 126, ஏறிவிட்டது" என்று புலம்புவதில் பொருள் இல்லை. சாப்பிட்ட பிறகு விரல்நுனி ரத்தத்தில், லேபில் எடுக்கும் சிரை ரத்தத்தைவிடச் சர்க்கரை சற்றுக் கூடவே இருக்கும், அதையும் நினைவில் வையுங்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. லேபில் எண் பொய்யாகக் குறையலாம். குழாயில் எடுத்த பிறகும் சிவப்பணுக்கள் உயிரோடு இருக்கின்றன, குளுக்கோஸைத் தின்றுகொண்டே இருக்கின்றன. அறைச் சூட்டில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறையும். அதைத் தடுக்கத்தான் ஃப்ளோரைடு போட்ட சாம்பல் நிற மூடிக் குழாய். அதுவும் முதல் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு முழுதாகத் தடுக்காது என்பதால், எடுத்த ரத்தம் சீக்கிரம் சோதனைக்குப் போவது நல்லது.

ராத்திரி சாப்பிடவில்லை, காலையில் கூடுதல்

அப்பாவின் கேஸ். பதில்: குதிரிலிருந்து வந்தது. நாம் தூங்கினாலும் மூளையும் சிவப்பணுக்களும் தூங்குவதில்லை. 60 கிலோ ஆளுக்குக் கல்லீரல் மணிக்கு 7 கிராம் போல ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். எட்டு மணி நேரத் தூக்கத்தில் 50 கிராமுக்கு மேல். பாதி இருப்பிலிருந்து, மீதி லாக்டேட், அமினோ அமிலம், கிளிசரால் இவற்றைக் கொண்டு புதிதாகச் செய்தது. விடியற்காலையில் கார்ட்டிசாலும் வளர்ச்சி ஹார்மோனும் ஏறும்போது, 'எழுந்திருக்கப் போகிறான், செலவுக்கு எடுத்து வை' என்று கல்லீரலுக்கு உத்தரவு போகிறது. சர்க்கரை நோய் இல்லாதவருக்குக் கணையம் சிறிது இன்சுலினைக் கூட்டிச் சமன் செய்துவிடும். அப்பாவுக்குக் கல்லீரல் இன்சுலின் சொல்வதைக் காதில் வாங்குவதில்லை. குதிர்க்கதவைச் சாத்து என்றாலும் சாத்தாது. மெட்ஃபார்மின் மாத்திரை வேலை செய்யும் முக்கிய இடமும் கல்லீரல்தான் என்பது இங்கே பொருந்திப் போகிறது.

இதை ஊகமாக விடாமல் உறுதி செய்ய, இரண்டு மூன்று நாள் மூன்று வேளை குத்திப் பாருங்கள்: படுக்கும்போது, ராத்திரி மூன்று மணிக்கு, எழுந்தவுடன். மூன்று மணி எண் படுக்கும்போது இருந்ததைப் போலவே இருந்து, காலையில் மட்டும் ஏறியிருந்தால் விடியற்கால ஏற்றம். படுக்கும்போதே 200க்குப் பக்கத்தில் இருந்து விடியும்வரை அப்படியே நீண்டால் பழி கல்லீரல் மேல் அல்ல, பத்தரை மணிப் பரோட்டா மேல். மூன்று மணிக்கு 70க்குக் கீழே போயிருந்தால் அது வேறு சங்கதி. ராத்திரி மருந்து தேவைக்கு மேல் வேலை செய்கிறது. அந்தக் காகிதத்தை அப்படியே டாக்டரிடம் காட்டுங்கள். இந்தக் கடைசி ஆட்கள்தான் காலை எண்ணைப் பார்த்து மருந்தைத் தாங்களே கூட்டிக்கொண்டு ஆபத்தில் மாட்டுவது.

நாங்கள் மூன்று நாள் பார்த்தோம். மூன்று மணிக்கு 126, 121, 130. காலையில் 150ஐ ஒட்டி. அப்பாவுக்குப் பாதி நிம்மதி. "அப்போ நான் திருடன் இல்லை" என்றார்.

கை நடுக்கம், குப்பென்று வியர்வை, பசி, படபடப்பு

இங்கே காரணம் தேடுவது இரண்டாவது வேலை. முதல் வேலை சர்க்கரை. மீட்டர் பக்கத்தில் இருந்தால் பாருங்கள். 70க்குக் கீழே என்றால், அல்லது மீட்டரே கையில் இல்லை ஆனால் அறிகுறி தெளிவாக இருக்கிறது என்றால், 15 கிராம் அளவுக்குக் குளுக்கோஸ் பவுடரோ மூன்று டீஸ்பூன் சர்க்கரையோ தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், ஏறவில்லை என்றால் மறுபடி அதே அளவு. ஏறிய பிறகு இரண்டு இட்லியோ பிஸ்கட்டோ. சாக்லேட் வேண்டாம், அதிலிருக்கும் கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போய்விடும். 108ஐக் கூப்பிடுங்கள்.

இதில் ஒரு பொறி இருக்கிறது, பலருக்குத் தெரியாது. வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் கலந்த மாத்திரை சாப்பிடுகிறவருக்கு வீட்டுச் சர்க்கரை வேகமாக வேலை செய்யாது. சர்க்கரை என்பது குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் ஒட்டிய ஜோடி. குடலில் அந்த ஜோடியைப் பிரிக்கும் நொதியைத்தான் அந்த மாத்திரை தடுக்கிறது. அவர்களுக்குத் தனிக் குளுக்கோஸ்தான் வேண்டும். மாத்திரை அட்டையின் பின்பக்கத்தை இன்றே ஒருமுறை படித்துவிட்டு, மருந்துக் கடையில் குளுக்கோஸ் பவுடர் ஒரு டப்பா வாங்கி வையுங்கள்.

ஆபத்து கடந்ததும் காரணத்துக்கு வாருங்கள். கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகள் நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று பார்ப்பதில்லை, கணையத்தை இன்சுலின் விடச் சொல்லிக்கொண்டே இருக்கும். மாத்திரையைப் போட்டுவிட்டுக் கல்யாண மண்டபத்தில் பந்திக்குக் காத்திருப்பது இப்படித்தான் வினையாகிறது. மது இன்னொரு காரணம். ஆல்கஹாலை எரிப்பதில் மும்முரமாக இருக்கும் கல்லீரல் புதுக் குளுக்கோஸ் செய்வதை நிறுத்திவிடும். குதிரும் காலியாக இருந்தால், வெறும் வயிற்றில் குடித்தவர் தூக்கத்திலேயே சர்க்கரை இறங்கிப்போவார். பக்கத்தில் இருப்பவர்கள் போதை என்று விட்டுவிடுவார்கள். ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் எடுப்பவருக்குப் படபடப்பும் நடுக்கமும் தெரியாமலே போகலாம். வியர்வை மட்டும் வரும், அதையே எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

குழந்தைகளின் குதிர் சிறியது, மூளை உடம்புக்கு ஒப்பிடப் பெரியது. இந்தக் கணக்கு எவ்வளவு கொடூரமாகத் தப்பலாம் என்பதற்கு பீகாரின் முசாஃபர்பூர் சாட்சி. லிச்சி காய்க்கும் மே, ஜூன் மாதங்களில் குழந்தைகள் விடியற்காலையில் வலிப்பு வந்து இறந்தார்கள். 2014இல் நடந்த விசாரணையில், ராத்திரிச் சாப்பாடு இல்லாமல் படுத்ததும், லிச்சியில் இருக்கும் ஹைப்போகிளைசின் என்ற நஞ்சும் சேர்ந்ததுதான் காரணம் என்று தெரிந்தது. குதிர் காலியானதும் கொழுப்பை எரித்து, புதுக் குளுக்கோஸ் செய்துதான் உடம்பு விடியும்வரை தாக்குப்பிடிக்கும். அந்த நஞ்சு சரியாக அந்த மாற்று வழியைத்தான் அடைத்தது. தோப்பு ஊர்களில் குழந்தைகளை ராத்திரி பட்டினியாகப் படுக்கவைக்காதீர்கள் என்று சொல்ல ஆரம்பித்தார்கள்.

நீண்ட நேரம் ஓடி அல்லது மிதித்து, திடீரென்று எல்லாம் நின்றுபோவது

இது எனக்கே நடந்தது. திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் போய்த் திரும்ப, சைக்கிளில், ஒரு கருப்புக் காபியோடு கிளம்பினேன். போகும்போது பறந்தேன். திரும்பும்போது கோவளம் தாண்டுவதற்குள் கால் இரண்டும் வேறு யாருடையதோ போல ஆகிவிட்டது. மூச்சு வாங்கவில்லை, வலி இல்லை, வெறுமனே வரவில்லை. ஒரு டீக்கடையில் நிறுத்தினேன். ஐம்பது ரூபாய் நோட்டைக் கொடுத்துவிட்டு, மீதி வந்த சில்லறை சரியா என்று கூட்டிப் பார்க்கிறேன், கணக்கு வரவில்லை. கடைக்காரர், "என்ன சார், முகமெல்லாம் வெளுத்திருக்கு? மொதல்ல உட்காருங்க" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார். சர்க்கரை தூக்கலாக ஒரு டீ, இரண்டு கடலை மிட்டாய். பத்து நிமிடத்தில் தலை தெளிந்தது, சில்லறைக் கணக்கும் வந்தது. கால் மட்டும் கட்டையாகவே இருந்தது.

அந்த வித்தியாசத்தில்தான் விஷயம் இருக்கிறது. தலை சுற்றியது குதிர் காலியானதால். ராத்திரி முழுவதும் கல்லீரல் செலவழித்துவிட்டது, காலையில் நான் நிரப்பவில்லை. டீயின் சர்க்கரை ரத்தத்துக்கு வந்ததும் மூளை பிழைத்துக்கொண்டது. கால் நின்றது தசைப் பெட்டி தீர்ந்ததால். அது நிரம்ப நன்றாகச் சாப்பிட்டாலும் ஒரு முழுநாள் ஆகும், டீக்கடையில் நடக்காது. மீதித் தூரத்தைப் பாட்டி நடக்கும் வேகத்தில் மிதித்தேன். அந்த வேகத்துக்குக் கொழுப்பு போதும். கொழுப்பில் இருப்புக்குப் பஞ்சமில்லை, எரியும் வேகம்தான் குறைவு.

ஓட்டக்காரர்கள் இதைச் சுவரில் மோதுவது என்பார்கள். மாரத்தான் 42.195 கிலோமீட்டர், சுவர் 30ஐத் தாண்டித்தான் வரும். கணக்கு எளிது. ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஒரு கலோரி, 60 கிலோ ஆளுக்கு 2500 கலோரி. மொத்தக் கிளைக்கோஜன் 500 கிராம், கிராமுக்கு 4 வீதம் 2000. அதிலும் கைத்தசையில் இருப்பது காலுக்கு உதவாது. 1924இல் பாஸ்டன் மாரத்தான் முடித்தவர்களின் ரத்தத்தைச் சோதித்த மருத்துவர்கள், சோர்ந்து விழுந்தவர்களுக்குச் சர்க்கரை இறங்கியிருப்பதைக் கண்டார்கள். அடுத்த வருடம் ஓடும்போதே மிட்டாய் சாப்பிடச் சொன்னார்கள், நிலைமை நன்றாகவே மாறியது. டீக்கடைக்காரர் ஒன்றும் தவறாகச் செய்யவில்லை.

தசைப் பெட்டி எவ்வளவு தனிப்பெட்டி என்பதற்கு எனக்குப் பிடித்த சோதனை ஸ்வீடனில் நடந்தது. 1966இல் பெரிஸ்ட்ரோம், ஹல்ட்மன் என்ற இருவர் தங்கள் உடம்பிலேயே செய்தது. ஒரே சைக்கிளின் இரண்டு பக்கமும் ஆளுக்கொருவராக, ஒற்றைக் காலால், முடியாமல் போகும்வரை மிதித்தார்கள். பிறகு மூன்று நாள் மாவுச்சத்துச் சாப்பாடு, தினம் தொடைத் தசையில் ஊசி வைத்து மாதிரி எடுத்தல். ஓய்ந்திருந்த காலில் பெரிய மாற்றம் இல்லை. உழைத்த காலில் கிளைக்கோஜன் காலியாகி, பிறகு மற்றக் காலைவிட இரண்டு மடங்கு ஏறியது. சாப்பாடு ஒன்று, ரத்தம் ஒன்று, ஆனால் உழைத்த கால்தான் வாங்கிக்கொண்டது.

சரி, சரிசெய்வது எப்படி? முந்தின நாள் சோற்றைக் குறைக்காதீர்கள். காலையில் கிளம்பும் முன் கல்லீரலுக்காக இரண்டு இட்லி அல்லது வாழைப்பழம். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போவதாக இருந்தால், பசிக்கும் முன்பே ஆரம்பித்து, மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்து. நின்றபிறகு தின்பது தலைக்கு மட்டுமே உதவும்.

உடற்பயிற்சிக்குப் பிறகு சுகர் ஏறியிருக்கிறது

பயப்பட வேண்டாம். வேகமாக மாடிப்படி ஏறியோ பாரம் தூக்கியோ இருந்தால் அட்ரினலின் குதிர்க்கதவைத் திறந்துவிட்டிருக்கும், தசை வாங்குவதைவிட அதிகமாகக் கொட்டியிருக்கும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் இறங்கும். இன்சுலின் போடுகிறவர்கள் கவலைப்பட வேண்டியது அதற்குப் பிறகு, ராத்திரியில். காலியான தசைப் பெட்டி பல மணி நேரம் ரத்தத்திலிருந்து இழுத்துக்கொண்டே இருக்கும். மாலை கடுமையாக விளையாடிய நாளில் படுக்கும் முன் கட்டாயம் ஒரு தடவை பாருங்கள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண் சொக்குகிறது

எல்லாவற்றுக்கும் சோற்றைத் திட்டாதீர்கள். மதியம் இரண்டு மணி வாக்கில் உடம்புக் கடிகாரமே சற்று மந்தமாகும், பட்டினி கிடந்தாலும். ஆனால் 16 டீஸ்பூன் ஒரேயடியாக இறங்குவது அதைக் கூட்டும். கூட்டு, பொரியலை முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வாருங்கள். முடித்ததும் பத்துப் பதினைந்து நிமிடம் நடங்கள். வேலை செய்யும் தசை இன்சுலின் இல்லாமலே கதவைத் திறந்து குளுக்கோஸை உள்ளே எடுக்கும், மருந்தில்லா மருந்து என்றால் இதுதான்.

டயட் ஆரம்பித்த வாரமே இரண்டு கிலோ போச்சு

தண்ணீர். ஒரு கிராம் கிளைக்கோஜன் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். 400 கிராம் தீர்ந்தால் அதோடு 1200 கிராம் தண்ணீரும் போகும், ஒன்றரைக் கிலோவுக்கு மேல். கல்யாண விருந்துக்கு மறுநாள் அது திரும்பி வரும். கொழுப்பு இரண்டு பக்கமும் அசைந்திருக்காது.

சின்ன வேலைக்கே தசை பிடித்துக்கொள்கிறது, பத்து நிமிடத்தில் தேவலை

சிறுவயது முதலே இப்படி என்றால் சோம்பேறி என்று திட்டுவதை நிறுத்துங்கள். தசைப் பெட்டியைத் திறக்கும் நொதியே இல்லாமல் பிறப்பவர்கள் உண்டு. மிக அரிது. 1951இல் மெக்ஆர்டில் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் முதலில் விவரித்தார். பெட்டியில் சரக்கு நிறைய இருக்கும், எடுக்க முடியாது. சிறிது நேரம் கழித்து ரத்தத்தின் குளுக்கோஸும் கொழுப்பும் வந்து சேர்ந்ததும் இரண்டாவது மூச்சு வந்தது போல் எளிதாகிவிடும். கடும் வேலைக்குப் பிறகு சிறுநீர் கோலா நிறத்தில் போனால் உடனே மருத்துவமனை. தசை சிதைந்து அதன் நிறமி சிறுநீரகத்துக்கு வந்திருக்கிறது.

நிறையச் சாப்பிடுகிறான், இளைத்துக்கொண்டே போகிறான், தாகம் அடங்கவில்லை

வீட்டில் வைத்துப் பார்க்கவே கூடாத பழுது இது. வாசலில் சரக்கு குவிந்து கிடக்கிறது, வீட்டுக்குள் பட்டினி. இன்சுலின் இல்லாததால் தசைக்கும் கொழுப்புக்கும் கதவு திறப்பதில்லை. உள்ளே பட்டினி என்று நினைத்து கல்லீரலும் குதிர்க்கதவைத் திறந்து கொட்டும். ரத்தத்தில் 180ஐத் தாண்டியதும் சிறுநீரகத்தால் பிடித்துவைக்க முடியாமல் சிறுநீரில் வழியும், தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். சிறுநீரில் எறும்பு மொய்க்கிறது என்று நம் பாட்டிகள் கண்டதும் இதைத்தான். உடம்பு பரணை உடைத்துக் கொழுப்பை அவசரமாக எரிக்கும், கீட்டோன் அமிலம் சேரும். 1922 ஜனவரியில் டொராண்டோவில் 14 வயது லெனார்ட் தாம்சனுக்கு முதல் இன்சுலின் ஊசி போடும்வரை இந்த நிலைக்கு வந்த பிள்ளைகள் பிழைத்ததில்லை.

குழந்தை திடீரென்று மறுபடி படுக்கையை நனைக்க ஆரம்பித்தால், இளைத்தால், தண்ணீர் தண்ணீர் என்று கேட்டால் அன்றைக்கே ரத்தச் சர்க்கரை பாருங்கள். அதோடு வாந்தி, வயிற்றுவலி, ஆழ்ந்த வேக மூச்சு, வாயில் அழுகிய பழ வாடை சேர்ந்தால் காலையில் போகலாம் என்று காத்திருக்காதீர்கள். ராத்திரி இரண்டு மணியானாலும் கிளம்புங்கள், பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு. வாசலிலேயே "சுகர் பாருங்க" என்று சொல்லுங்கள், வயிற்றுவலி என்று மட்டும் சொல்லாதீர்கள்.